பிடித்தம் செய்த பணம் தானமாகுமா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, மகளுக்கு 7 வயது. இருவருக்கும் மாதந்தோறும் கைச்செலவுக்குப் பணம் தருகிறேன். அதில் பத்தில் ஒரு பங்கை நானே பிடித்துக்கொண்டு, அவர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளைக்கு அனுப்பிவிடுகிறேன். யாருக்காவது உதவி செய்தால் அதற்கெனத் தனிப் பணமும் உண்டு. கொடுக்கும் குணம் வளரட்டும் என்றுதான் இதைத் தொடங்கினேன். ஆனால், பாட்டியின் மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடு என்றால்கூட, "எவ்வளவு தருவீங்க?" என்று மகன் கேட்கிறான். எங்கே தவறினேன்?

பதில்: உங்கள் நோக்கத்தில் குறை எதுவும் இல்லை, கணக்கு வைத்த முறையில்தான் குறை இருக்கிறது. கைக்கு வருமுன்பே பிடித்துக்கொள்ளப்படும் தொகையைப் பெரியவர்களாகிய நாமே வரி என்போமே தவிர, தானம் என்று சொல்வதில்லை. உங்கள் பிள்ளைகள் அந்தப் பணத்தைத் தொட்டதும் இல்லை, கொடுப்பதா வேண்டாமா என்று தயங்கியதும் இல்லை.

உதவிக்குக் கூலி கொடுத்தது இதைவிடப் பெரிய பிழை. ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ ஆகிய ஆய்வாளர்கள் 20 மாதக் குழந்தைகளை வைத்து நடத்தி, 2008-இல் வெளியிட்ட ஆய்வில், உதவியதற்காகப் பொருள் பரிசு பெற்ற குழந்தைகள், பாராட்டு மட்டும் பெற்றவர்களையும் எதுவுமே பெறாதவர்களையும் விடப் பின்னர் குறைவாகவே உதவினர். பேசப் பழகும் வயதிலேயே இப்படி என்றால், விலைப்பட்டியலை மனப்பாடமாக வைத்திருக்கும் 11 வயதுப் பையன் விலை கேட்பதில் வியப்பில்லை. அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

அந்தப் பட்டியலை இந்த மாதத்தோடு நிறுத்திவிடுங்கள். தண்டனை என்று அவன் நினைத்துவிடாதபடி, "அதை நான் சரியாக யோசிக்காமல் தொடங்கிவிட்டேன்" என்று நீங்களே ஒப்புக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோருக்கும் பொதுவான வேலைகளுக்குக் கூலி கிடையாது. வெளியாளை அழைத்துக் காசு கொடுத்துச் செய்விக்கும் பெரிய வேலையைப் பிள்ளை செய்தால், அதற்குக் கூலி தருவது நியாயமே; அது உழைப்பின் கணக்கு.

கைச்செலவுப் பணத்தை இனி முழுமையாக, ரொக்கமாகவே அவர்கள் கையில் கொடுங்கள். செலவு, சேமிப்பு, பிறருக்கு என்று மூன்று குடுவைகள் இருக்கட்டும். மூன்றாவதில் எவ்வளவு போடுவது என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும். அவர்கள் கொடுத்த தொகையைப் பின்னர் நீங்கள் ஈடுசெய்யக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். லாரா அக்னின், கைலி ஹேம்லின், எலிசபெத் டன் ஆகியோரின் 2012-ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகள், யாருடையதோ ஒரு தின்பண்டத்தை எடுத்துக் கொடுத்தபோது இருந்ததைவிட, தம் பங்கிலிருந்தே கொடுத்தபோது அதிக மகிழ்ச்சியைக் காட்டினார்கள். ஈடுசெய்தால் அந்த மகிழ்ச்சியை நாமே பறித்தவர்களாவோம்.

என் மகளுக்கு ஏழு வயதானபோது, வேறொரு பிள்ளைக்குக் கொடுப்பதற்காக வண்ணப் பென்சில்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தேய்ந்து குட்டையானவை மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தன. எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் அடக்கிக்கொண்டு, "இதை வைத்து உன்னால் வரைய முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவள், நீளமான பச்சைப் பென்சில் ஒன்றை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள். பச்சை அவளுக்கு மிகவும் பிடித்த நிறம். மற்றவற்றை அவள் மாற்றவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

உங்கள் மகன் கணக்குப் புரியும் வயதுக்கு வந்துவிட்டான். நீங்கள் நன்கொடை தரும் அமைப்பின் ஆண்டறிக்கையை அவனோடு உட்கார்ந்து படித்து, வந்த பணத்தில் எவ்வளவு உரியவர்களைச் சென்றடைந்தது, எவ்வளவு நிர்வாகத்துக்குப் போனது என்று அவனையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றியுணர்வுக்கும் இதே வழிதான்: "நன்றி சொல்" என்று முதுகில் தட்டுவதைவிட, உங்களுக்குப் படிக்க உதவியவர் யார், இக்கட்டில் கைகொடுத்தவர் யார் என்பதை அவன் எதிரில் சொல்லி, அவர்களுக்கு அவன் காதுபடவே நன்றி சொல்லுங்கள். மகளுக்குப் பணத்தைவிட நேரம் எளிதாகப் புரியும்; பாட்டிக்குத் தினமும் கொஞ்சம் வாசித்துக் காட்டுவது போதும்.

முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு மகனின் மூன்றாவது குடுவை காலியாகவே இருக்கலாம். அதைப் பார்த்து மனம் பொறுக்காமல், அவனுக்குத் தெரியாமல் நீங்கள் எதையும் அதில் போட்டுவிடாதீர்கள்.