கடன் இருக்கும் வீட்டில் தசமபாகம் கொடுக்கலாமா? கிறிஸ்தவக் குடும்பம் வரவு செலவை எப்படிப் போடுவது?

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கும் ஒரு தங்கச்சியின் கேள்வி இது. அவர் கொழுந்து எடுக்கிறார். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்து மாதாமாதம் காசு அனுப்புகிறார். இரண்டு பிள்ளைகள். கிழமைக்குக் கிழமை தவணை கட்டுகிற கிழமைக் கடன் ஒன்று, கடனுக்குச் சாமான் எடுக்கிற கடைக் கொப்பியில் நிலுவை, அடகில் ஒரு சங்கிலி. சபையில் பத்தில் ஒன்று கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுத்தால் தவணை கட்ட முடியவில்லை, கொடுக்காவிட்டால் மனசு குத்துகிறது. விசுவாசத்தின்படி வீட்டுச் செலவை எப்படித் திட்டம் போடுவது, அக்கம்பக்கத்தில் கூப்பிடும் சீட்டில் சேரலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் ஹட்டன் பக்கம். அம்மா பென்ஷன் வயது வரைக்கும் மலையில் நின்றவர். நான் பாடசாலையில் படிப்பிக்கிறேன், சபையில் பெண்கள் ஐக்கியத்தின் கணக்கையும் பார்க்கிறேன். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. ஆராதனை முடிந்து கோயில் வாசலில் வைத்து மெதுவான குரலில் கேட்கப்படுகிற கேள்விதான். என் பதில்: காணிக்கையை நிறுத்தாதீர்கள், ஆனால் மற்றவருக்குக் கட்டவேண்டிய தவணையை எடுத்துக் காணிக்கை போடாதீர்கள். எவ்வளவு என்பதை நீங்களும் கணவரும் ஜெபித்து, கணக்கைப் பார்த்து, சேர்ந்து முடிவு செய்யுங்கள். அது பத்தில் ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் ஆண்டவர் உங்களைத் தள்ளிவிடமாட்டார்.

இதை நான் தைரியமாகச் சொல்வதற்குக் காரணம் வேதமே. தசமபாகம் என்றாலே, தசமபாகங்களையெல்லாம் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள் என்கிற மல்கியா 3:10 வரும். சரி, அந்தத் தசமபாகம் எதிலிருந்து எடுக்கப்பட்டது, எங்கே போனது என்று உபாகமம் 14ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியையும் சேர்த்து வாசியுங்கள். தானியம், திராட்சரசம், எண்ணெய் என்று வயலும் தோட்டமும் உள்ளவன் தன் விளைச்சலில் எடுத்து வைத்தது அது. அதிலே ஒரு பங்கை அந்தக் குடும்பமே கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்பட்டது. மூன்றாம் வருஷத்தில் எடுத்தது ஊர் வாசலில் வைக்கப்பட்டு, காணியில் பங்கில்லாத லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போனது. நம் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பெரும்பாலானோருக்கு இன்றைக்கும் சொந்தக் காணி உறுதி கையில் இல்லை. அந்தச் சட்டத்தில் நம்மைப் போன்றவர்கள் வாங்குகிறவர்கள் வரிசையிலும் இருந்தார்கள். இதைச் சொல்லாமல் மல்கியாவை மட்டும் வாசித்து ஒரு கொழுந்துக்காரியைப் பயப்படுத்துவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

பவுல் கொரிந்து சபைக்குக் காணிக்கை பற்றி எழுதும்போது, மனவிருப்பம் இருந்தால் ஒருவனுக்கு "இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்கிறார் (2 கொரிந்தியர் 8:12). அடுத்த அதிகாரத்தில், விசனமாயும் வேண்டாம், கட்டாயமாயும் வேண்டாம் என்கிறார். இயேசுவோ, தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று சொல்லி ஆலயத்துக்குத் தள்ளிவிட்டவர்களைக் கடிந்துகொண்டார் (மாற்கு 7). இரண்டு காசு போட்ட விதவையைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதற்கு முந்திய வசனத்தில் அவர் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைக் கண்டித்ததையும் சேர்த்துப் பேசவேண்டும். அவள் மனமாரக் கொடுத்தாள், ஆண்டவர் அதைக் கண்டார். ஆனால் 'நீ இன்னும் கொடு, கடன் தானாகத் தீரும்' என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். 10ஆம் திகதி சம்பளத் துண்டு கைக்கு வந்ததும், அன்றைக்கே இரவு கணவருக்குப் போன் எடுத்து இருவரும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவர் ஓவர்டைம் காசை மறைக்கக்கூடாது, நீங்கள் கொப்பி நிலுவையை மறைக்கக்கூடாது. இந்த ஒரு பழக்கம் இல்லாமல் எந்தத் திட்டமும் நிற்காது.

நம் வருமானத்தில் பெரிய சிக்கல் அது மாதத்துக்கு மாதம் ஆடுவது. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. உதாரணத்துக்கு அதையே வைத்துக்கொள்வோம். நீங்கள் இப்போது உங்கள் துண்டில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள். 25 நாள் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழுந்தால் 33,750. மழை, வறட்சி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று 15 நாளோடு நின்றால் 20,250. வித்தியாசம் 13,500. அதிலே ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் போகும், தொழிற்சங்கச் சந்தா போகும், மாத நடுவில் எடுத்த முற்பணம் போகும், அரைப் பேர் விழுந்த நாட்கள் வேறு. ஆகவே நல்ல மாதத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள். போன வருஷத்தில் ஆகக் குறைவாக வந்த மாதத்தின் துண்டைத் தேடி எடுத்து, அந்தத் தொகைக்குள் அரிசி, மா, பருப்பு, மண்ணெண்ணெய், கரண்ட் பில், பஸ் காசு, தவணை, காணிக்கை எல்லாம் அடங்குமா என்று பாருங்கள். நல்ல மாதத்தில் மேலே வருகிறதைத் தனியாக வையுங்கள். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

சேமலாப நிதியில் தோட்டம் போடவேண்டிய பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். உங்கள் பேரும் அடையாள அட்டை இலக்கமும் அங்கே சரியாகப் பதிந்திருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறி, வயது போன காலத்தில் அலைகிறவர்களை நான் அறிவேன்.

கடனுக்கு ஒரு தனித் தாள். யாருக்கு, எவ்வளவு, மாதம் எவ்வளவு வட்டி. நூற்றுக்கு 5 வட்டி என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். 20,000 வாங்கியிருந்தால் மாதம் 1,000, வருஷத்துக்கு 12,000, முதல் அப்படியே நிற்கும். கூடிய வட்டி எதுவோ அதை முதலில் அடைத்துவிடுங்கள். சங்கிலி தனியார் அடகுக் கடையில் இருந்தால், அரச வங்கியில் வட்டி எவ்வளவு என்று விசாரித்து, குறைவாக இருந்தால் மாற்றி வையுங்கள். ஒரு கிழமைக் கடனைக் கட்ட இன்னொரு கிழமைக் கடன் மட்டும் வேண்டாம், தங்கச்சி.

கிழமைக் கடனில் இன்னொன்றும் இருக்கிறது. பெரும்பாலும் அது குழுக் கடன். ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். நீங்கள் கட்டாத கிழமையில் பக்கத்துக் காம்பிராவில் (லயத்து வீட்டில்) இருக்கிற அக்கா தன் பிள்ளையின் பால்மாக் காசை எடுத்துக் கட்டுவார். அவர் தலையில் அந்தப் பாரத்தை வைத்துவிட்டு நாம் காணிக்கை உறையில் போடுகிற காசு அவருடைய காசு. "துன்மார்க்கன் கடன்வாங்கிச் செலுத்தாமற்போகிறான், நீதிமானோ இரங்கிக்கொடுக்கிறான்" என்கிறது 37ஆம் சங்கீதம். கடன் செலுத்துவதையும் கொடுப்பதையும் அந்த ஒரே வசனம் சேர்த்துப் பிடித்திருக்கிறது. எலிசாவிடம் வந்த விதவையையும் நினைத்துப் பாருங்கள். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்தான். அவள் வீட்டில் இருந்த எண்ணெய் அற்புதமாகப் பெருகினதும் தீர்க்கதரிசி சொன்னது: விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள் (2 இராஜாக்கள் 4:7). அற்புதம் நடந்த வீட்டிலும் முதல் வேலை கடன் தீர்ப்பதாகத்தான் இருந்தது.

அடுத்தது கடைக் கொப்பி. அனேக வீடுகளின் கொப்பியை நான் பார்த்திருக்கிறேன். 'மா 2, சீனி 1, பால்மா 1, ரீலோட்' என்று பொருள் மட்டும் இருக்கும். விலை மாதக் கடைசியில் மொத்தமாக வரும். பொருள் எடுக்கிற அன்றைக்கே பக்கத்தில் விலையையும் எழுதச் சொல்லுங்கள், நீங்களும் ஒரு கொப்பியில் அதையே எழுதி வையுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை, நல்ல முதலாளி கோபிக்கமாட்டார். பிள்ளைகளைக் கொப்பியோடு கடைக்கு அனுப்பாதீர்கள். பிஸ்கட்டும் சோடாவும் ரீலோடும் ஏறுவது அப்படித்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அரிசியையும் மாவையும் கைக்காசுக்கு வாங்கப் பாருங்கள். ஒரே மாதத்தில் கொப்பியை மூட முடியாது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340க்குப் போனபோது எத்தனையோ வீடுகள் கொப்பியால்தான் அடுப்பு மூட்டின. அந்தக் காலத்து நிலுவையை இன்னும் சுமக்கிறவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

நல்ல மாதத்தில் மீந்த காசுக்கு இப்போது வருகிறேன். நம் பக்கம் ஏப்ரல் முதல் ஜூன் வரை கொழுந்து நன்றாக வரும், ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சியில் குறையும். நத்தார் செலவு முடிந்த கையோடு புதிய பாடசாலை ஆண்டு. பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் தரும். சப்பாத்து, பை, கொப்பி பெரும்பாலும் நம் செலவு. நத்தாருக்கு எடுத்த முற்பணத்தை வேறு அந்த மாதங்களின் சம்பளத்தில் வெட்டுவார்கள். நம் வீடுகள் கைவட்டிக்குப் போகிற காலம் இதுதான். யோசேப்பு எகிப்தில் பஞ்சத்தைத் தடுக்கவில்லை. விளைந்த வருஷங்களில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தார், அவ்வளவுதான் (ஆதியாகமம் 41). உங்களால் ஐந்தில் ஒன்று முடியாது. ஏப்ரல், மே, ஜூனில் மேலதிகமாக எடுக்கிற கொழுந்துக்கு வருகிற கிலோக் காசில் பாதியை வங்கியில் போட்டு, ஜனவரி வரை தொடாமல் இருங்கள், போதும். நத்தாருக்கு எல்லோருக்கும் புது உடுப்பு எடுத்தே ஆகவேண்டும் என்று கடன்படவும் வேண்டாம். துவைத்து மடித்த பழைய சட்டையோடு வருகிற பிள்ளையை ஒரு கண் குறைவாகப் பார்க்கிற சபையாக நாம் இருந்தால், திருந்த வேண்டியது சபை.

ஞாயிற்றுக்கிழமை உடன் காசுக்கு எடுக்கிற கைக்காசுக் கொழுந்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுவும் இந்தக் கணக்கில் உண்டு. வீட்டில் மாவில்லாத கிழமையில் ஒரு தாய் மலைக்குப் போனால் நான் அவரைக் குற்றப்படுத்தமாட்டேன். மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது ஓய்வுநாள். ஆனால் எல்லா ஞாயிறும் போகிறவருக்கு முதுகு சீக்கிரம் போய்விடும், பிள்ளைகளோடு உட்கார ஒரு நாளும் கிடைக்காது. மாதத்தில் எந்த ஞாயிறு போவது என்று முன்கூட்டியே தீர்மானித்து, மற்ற ஞாயிறுகளைக் காசுக்கு விடாமல் காத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காணிக்கை. கடன் தீரும்வரைக்கும் ஒரு நிலையான சிறு தொகையை வைத்துக்கொள்ளுங்கள், 300 ரூபாவோ 500 ரூபாவோ. சம்பளம் வந்த அன்றைக்கே, மற்றச் செலவுக்கு முன்னால், பிள்ளைகள் பார்க்க எடுத்து உறையில் வையுங்கள். அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து மூடியில்லாத ஒரு பழைய லக்டோஜன் டின்னில் போடுவார். எங்களுக்கே பற்றாத நாளில் பிடி சின்னதாகும், ஆனால் டின்னுக்குள் கை போகாமல் இருந்ததில்லை. மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும்; அங்கிருந்து யாராவது முடியாத வீட்டுக்குப் போகும். கொடுக்கிறவர்கள் என்கிற எண்ணத்தோடு நாங்கள் வளர்ந்தது அதனால்தான், அதை உங்கள் பிள்ளைகளும் இழக்கக்கூடாது என்பதற்காகத்தான் நிறுத்தாதீர்கள் என்கிறேன். கடன் குறையக் குறையத் தொகையைக் கூட்டுங்கள். பத்தில் ஒன்றுக்கும் அதற்கு மேலேயும் போகிற நாள் வரட்டும். போதகரிடம் நேரே போய், "ஐயா, எங்கள் நிலைமை இது, இப்போதைக்கு இவ்வளவு கொடுக்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். மேய்ப்பன் என்றால் உங்களுக்காக ஜெபிப்பார், கணக்குப் போடவும் உதவுவார்.

சீட்டு. ஏலச்சீட்டு வேண்டாம், அவசரத்தில் தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து ஏலத்தில் எடுக்கிறவர்தான் அங்கே நட்டப்படுவார், இப்போதைய நிலையில் அது நீங்களாக இருப்பீர்கள். லயத்துப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து மாதம் 1,000 ரூபா போட்டு முறை வைத்து எடுக்கிற சாதாரணச் சீட்டு என்றால், சீட்டை நடத்துகிறவரை உங்களுக்கு வருஷக்கணக்கில் தெரியும் என்றால், ஆகக் குறைந்த சம்பள மாதத்திலும் அந்த 1,000 ரூபாவைக் கட்ட முடியும் என்றால், சேருங்கள். முதல் முறையை எடுத்தால் அது இன்னொரு கடன்தான். மார்ச்சில் தொடங்கினால் பத்தாவது முறை டிசம்பரில் வரும். அதைக் கேட்டு வாங்கி, வருகிற 10,000 ரூபாவில் ஜனவரிச் சப்பாத்தையும் பையையும் கைக்காசுக்கே எடுங்கள்.