இராக் 2003: போர் முடிந்த பிறகு தொடங்கிய போர் (கேள்வி பதில்)

2003இல் இராக்குக்குள் நுழைந்த அமெரிக்கப் படைவீரர்கள் பட்ட பாடு பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: சார், மூன்றே வாரத்தில் பாக்தாத் விழுந்துவிட்டது. வீரர்களுக்கு அது சுலபமான போர்தானே?

சீக்கிரம் முடிந்தது, அவ்வளவுதான். மார்ச் 20 அன்று குவைத் எல்லையைத் தாண்டியவர்கள், எந்த நேரத்திலும் விஷவாயு வீசப்படும் என்று நம்பி, அந்த வெக்கையிலும் கனமான பாதுகாப்பு உடையைப் போட்டுக்கொண்டே போனார்கள். நடுவில் மணற்புயல், தெற்கு நகரமான நாசிரியாவில் கடும் சண்டை, தூக்கமே இல்லை. ஏப்ரல் 9 அன்று பாக்தாத்தில் அதிபர் சதாம் உசேனின் சிலை சாய்ந்ததும் இனி வீடுதான் என்று நினைத்தவர்கள் ஏராளம். பாக்தாத்தைப் பிடித்த 3ஆம் காலாட்படைப் பிரிவுக்கே ஊர் திரும்பும் நாள் தள்ளிப்போனது. எந்த ஆயுதத்துக்குப் பயந்து அந்த உடையைப் போட்டார்களோ, அந்த ஆயுதக் குவியல் கடைசிவரை கிடைக்கவில்லை.

கேள்வி: அப்புறம் நிலைமை ஏன் கெட்டது?

என்னைக் கேட்டால், முதல் இரண்டு மாதத்திலேயே எல்லாம் கெட்டுப்போனது. பாக்தாத்தில் அமைச்சகங்களும் தேசிய அருங்காட்சியகமும் சூறையாடப்பட்டன. தடுக்கச் சொல்லி உத்தரவில்லை, தடுக்க ஆளும் போதவில்லை. ஆனால் எண்ணெய் அமைச்சகத்துக்குக் காவல் இருந்ததை இராக்கியர்கள் கவனித்தார்கள். நாடெங்கும் இருந்த வெடிமருந்துக் கிடங்குகள் பலவற்றுக்குக் காவலே கிடையாது.

மே 23 அன்று இராக்கை ஆள அமெரிக்கா நியமித்த நிர்வாகி பால் பிரெமர் இராக் ராணுவத்தையே கலைத்தார். ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானவர்கள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். கேட்பாரற்றுக் கிடந்த பீரங்கிக் குண்டுகள் சாலையோர வெடிகளாக மாறின. மேலே இருந்தவர்கள் எடுத்த முடிவுக்கு விலை கொடுத்தது ரோந்து போன இருபது வயதுப் பையன்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கேள்வி: கவச வண்டிகள் இல்லையா?

ரோந்துக்குப் போன ஹம்வீ என்ற ராணுவ வண்டிகள் பெரும்பாலும் கவசமில்லாதவை. வீரர்களே பழைய இரும்புத் தகடு தேடி எடுத்துக் கதவில் பொருத்தினார்கள். 2004 டிசம்பரில் குவைத் முகாமில் ஒரு வீரர், குப்பையில் இரும்பு பொறுக்க வேண்டிய நிலை ஏன் என்று பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டின் முகத்துக்கு நேராகவே கேட்டார். வெடியின் வேகத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் அடிப்பாகம் கொண்ட வண்டிகள் பெருமளவில் வந்து சேர 2007 ஆகிவிட்டது.

கேள்வி: அப்பாவி மக்களையும் சுட்டார்களே, அதையும் பயம் என்றே சொல்லிவிடலாமா?

கூடாது. சோதனைச் சாவடியில் நிற்காமல் வரும் காரில் குண்டு இருக்கிறதா, குடும்பம் இருக்கிறதா என்று சில நொடியில் முடிவெடுக்க வேண்டிய பயம் உண்மையானது. குடும்பங்கள் செத்ததும் உண்மை. ஆனால் அபு கிரைப் சிறையில் அமெரிக்க வீரர்கள் கைதிகளைச் சித்திரவதை செய்ததும், 2005 நவம்பரில் ஹதீதா என்ற ஊரில் பெண்கள், குழந்தைகள் உட்பட 24 பேர் கொல்லப்பட்டதும் வேறு ரகம். அதற்குப் பயத்தைக் காரணம் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: ஒருவர் எத்தனை மாதம் அங்கே இருக்கணும்?

தரைப்படைக்கு வழக்கமாக 12 மாதம். 2007இல் 15 ஆக்கினார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களையும் பிடித்துவைத்தார்கள்.

கேள்வி: திரும்பி வந்தவர்கள் நிலை?

அந்தப் போரில் சுமார் 4,500 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள், 30,000 பேருக்கு மேல் காயம். மார்புக் கவசமும் விரைவான சிகிச்சையும் பல உயிர்களைக் காப்பாற்றின. ஆனால் கைகால் இழந்தவர்களும், வெடி அதிர்ச்சியில் மூளை பாதித்தவர்களும், இரவில் தூங்க முடியாதவர்களும் நிறைய. முகாம்களில் பிளாஸ்டிக், மருத்துவக் கழிவு என எல்லாவற்றையும் திறந்த குழியில் எரித்தார்கள். அந்தப் புகையால் நோய் வந்தது என்று கேட்ட உதவி பல வருடம் மறுக்கப்பட்டது. 2022இல் வந்த சட்டம்தான் பல புற்றுநோய்களையும் சுவாச நோய்களையும் அந்தப் புகையோடு சேர்த்து ஏற்றுக்கொண்டது. அதற்குள் பலர் இறந்துபோயிருந்தார்கள்.