சாக்கடையில் ஊற்றும் பாக்டீரியா மருந்தை மரபணு மாற்றி இன்னும் வீரியமாக்க முடியாதா?

மாநகராட்சி ஆட்கள் மருந்து ஊற்றிவிட்டுப் போன மறுநாளும் கொசுப்புழு துள்ளிக்கொண்டிருக்கிறது என்று கேள்வியோடு எழுதியிருக்கிறீர்கள். சாக்கடை ஓரத்து வீடு, சாயங்காலம் ஆறு மணிக்கே ஜன்னலைச் சாத்தவேண்டிய நிலைமை என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விஞ்ஞானி இல்லை. மைக்ரோபயாலஜி எம்.எஸ்சி. முடித்துவிட்டு மூன்று வருடம் ஓர் ஆய்வகத்தில் புராஜெக்ட் அசிஸ்டென்டாக இருந்தேன். கொசுப்புழு வளர்ப்பதும் செத்ததை எண்ணுவதும்தான் பிழைப்பு. அதனால் கமெண்டில் வந்து பட்டத்தைக் காட்டு என்று கேட்காதீர்கள். கொசுவும் ஓர் உயிர்தானே என்று வருகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

வீரியம் ஏற்ற முடியும், ஏற்றியும் விட்டார்கள். அந்த பாக்டீரியாவின் முழுப்பெயர் பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ், சுருக்கமாக பிடிஐ என்பார்கள். 1976ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், கொசுப்புழுக்கள் செத்துக் கிடந்த ஒரு குட்டையிலிருந்து எடுத்தது. நம் பக்கத்தில் புதுச்சேரியில் இருக்கும் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) மையமும் பி17 என்று சொந்தமாக ஒரு ரகம் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. இது இயற்கையான பாக்டீரியா, மரபணு மாற்றிய பிடி கத்தரிக்காய்ச் சண்டையை இங்கே இழுக்க வேண்டாம். இது வித்தாக மாறும்போது உள்ளே புரதப் படிகம் ஒன்று சேர்கிறது. புழு அதை விழுங்கினால் அதன் குடலில் உள்ள காரத்தில் படிகம் கரைந்து, நச்சு வெளிப்பட்டு, குடல் சுவரில் ஓட்டை போடும். நம் வயிற்றில் இருப்பது அமிலம், அதனால் நமக்கு ஒன்றும் ஆகாது.

அந்தப் படிகத்தில் முக்கியமாக நான்கு நச்சுகள் உண்டு. கிரை வகையில் மூன்று, சைட்1ஏ என்று ஒன்று. இந்த சைட் தனியாக நின்றால் சோப்ளாங்கி. ஆனால் குடல் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு, கிரை மூன்றில் ஒன்றான கிரை11ஏ வந்து உட்கார இடம் பிடித்துக் கொடுக்கும். அதனால் கொசுவுக்கு எதிர்ப்புச் சக்தி வருவது ரொம்பக் கஷ்டம். ஸ்பேரிக்கஸ் என்கிற இன்னொரு பாக்டீரியா சாக்கடைத் தண்ணீரில் இதைவிட அதிக நாள் தாங்கும், ஆனால் இரண்டு புரதம் சேர்ந்து வேலை செய்யும் அதன் இரட்டை நச்சு குடலில் ஒரே இடத்தில்தான் பிடிக்கும். அந்த ஒரு இடம் மாறிவிட்டால் கதை முடிந்தது. கொச்சியில் 1990களில் இரண்டு வருடம் தொடர்ந்து தெளித்ததில் சாக்கடையில் வளரும் க்யூலெக்ஸ் கொசு அப்படித்தான் தப்பித்துக்கொண்டது.

கலிபோர்னியாவின் ரிவர்சைடில் உள்ள பல்கலைக்கழகத்தில் பிரையன் ஃபெடெரிசி குழுவினர் செய்தது இதற்கு விடை மாதிரி. ஸ்பேரிக்கஸின் இரட்டை நச்சு மரபணுவை பிடிஐக்குள் வைத்து, சைட் மரபணுவின் ப்ரொமோட்டரை, அதாவது மரபணுவை இயக்கும் சுவிட்ச் மாதிரியான பகுதியை, போட்டு ஏராளமாகச் சுரக்க வைத்தார்கள். க்யூலெக்ஸ் புழுவிடம் பழைய ரகத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் வீரியம் கிடைத்தது.

எங்கள் சார் இதைப் படித்துவிட்டுத்தான் அதே மாதிரி சின்ன அளவில் ஒரு புராஜெக்ட் வாங்கினார். ஒரு கப்புக்கு 25 புழு. அதற்குச் சாப்பாடு நாய் பிஸ்கட்டும் ஈஸ்டும் சேர்த்துப் பொடித்தது, அந்த வாடை என் துப்பட்டாவை விட்டு இன்னும் போகவில்லை என்று அம்மா சொல்வார். 24 மணி நேரம் கழித்து ஒவ்வொரு புழுவையும் ஊசி முனையால் தொட்டுப் பார்க்க வேண்டும், அசையாவிட்டால்தான் செத்த கணக்கு. முதல் தடவை எல்லாக் கப்பிலும் எல்லாமே காலி! குறைந்த டோஸிலும் ஒன்றுகூட மிச்சமில்லை. சார் யாருக்கோ போன் போட்டு, சாதித்துவிட்டோம் என்று பேச ஆரம்பித்துவிட்டார். நான் கடைசி வரிசைக்குப் போனேன். மருந்தே போடாத கன்ட்ரோல் கப்பிலும் 25க்கு 25 செத்துக் கிடந்தது. புதிதாக வந்த பையன் கப்பை லிக்விட் சோப்பில் கழுவிவிட்டுச் சரியாக அலசாமல் விட்டிருக்கிறான். சோப்பு இருந்தால் புழு நீர்ப்பரப்பில் தொங்கி மூச்சு விட முடியாது. சார் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கப்பைக் கழுவியது நானே என்பதுபோல.

அப்புறம் ஒழுங்காகச் செய்து நல்ல ரிசல்ட் வந்தது. கட்டுரை வந்தபோது என் பெயர் கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் இருந்தது, அதுவும் தப்பான இனிஷியலோடு. அதற்கு முந்தைய ஏழு மாதம் சம்பளம் வரவில்லை, ஃபண்ட் வந்ததும் தருகிறோம் என்றார்கள். வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்பீர்கள், ஆமாம், அப்படித்தான்.

சரி, உங்கள் சாக்கடைக்கு வருவோம். மரபணு மாற்றிய பாக்டீரியாவைத் திறந்த வெளியில் விட அனுமதி வாங்குவது லேசான காரியம் இல்லை. அதைவிட, நச்சு பத்து மடங்கு வீரியமானாலும் படிகம் அடியில் போய்ப் படிந்துவிட்டால் என்ன பிரயோஜனம்? வெயிலும் அதை வீணாக்கும். அழுக்குத் தண்ணீரில் புழுவுக்குத் தின்ன வேறு ஆயிரம் இருக்கிறது. இதற்காகவே இஸ்ரேலில் பென் குரியன் பல்கலைக்கழகத்தில், புழு எப்படியும் தின்னக்கூடிய அனபீனா என்கிற நீலப்பச்சைப் பாசிக்குள் இந்த நச்சு மரபணுக்களை வைத்துப் பார்த்தார்கள். எனக்கு அதுதான் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது.

ஆனால் நீங்கள் மறுநாள் பார்த்தது புழுதானா? ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு பாருங்கள். நீளமாக, தலைகீழாகத் தொங்கினால் க்யூலெக்ஸ் புழு. கமா மாதிரி சுருண்டு, டம்ளரைத் தட்டினால் குட்டிக்கரணம் போட்டால் அது கூட்டுப்புழு. கூட்டுப்புழு எதையும் தின்னாது, அதனால் எந்த பாக்டீரியா மருந்தும் அதை ஒன்றும் செய்யாது. ஓரிரு நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். அதைக் கொல்ல, தண்ணீருக்கு மேலே எண்ணெய்ப் படலம் விட்டால்தான் உண்டு. ஊற்ற வருகிறவர்களிடம் அதைக் கேளுங்கள், எட்டு பத்து நாளுக்கு ஒரு தடவை வரச் சொல்லியும் கேளுங்கள். டம்ளரைத் திரும்ப அடுப்படியில் வைத்துவிடாதீர்கள், நான் வைத்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.