சப்ளையர் பில் பாஸ் ஆகும் வேலையை வரைய ஃப்ளோசார்ட் போதாதா, பி.பி.எம்.என். எதற்கு?

பி.பி.எம்.என். (Business Process Model and Notation) என்பது அலுவலக வேலை எப்படி நகர்கிறது என்று படமாக வரைவதற்கான பொதுக் குறிமுறை. ஒருவரே உட்கார்ந்து முடிக்கிற வேலைக்கு ஃப்ளோசார்ட் தாராளமாகப் போதும். நீங்கள் கேட்டிருப்பது ஸ்டோர், பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ் என்று மூன்று கை மாறும் வேலை. ஒரே சமயத்தில் இரண்டு பேர் பார்ப்பார்கள், நடுவில் யாராவது காத்திருப்பார்கள். இந்த இரண்டையும் தெளிவாகக் காட்டுவதில்தான் பி.பி.எம்.என்.னின் பலம். 2011இல் வந்த 2.0 பதிப்பில் நூற்றுக்கு மேல் குறிகள் உண்டு. உங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு போதும்.

உங்கள் கம்பெனி ஒரு பூல் (பெரிய கட்டம்), சப்ளையர் இன்னொரு பூல். ஸ்டோர், பர்ச்சேஸ் போன்ற பிரிவுகள் அதன் உள்ளே லேன்கள் (பட்டைகள்). அடுத்த வேலையைக் காட்டும் முழுக்கோட்டு அம்பு பூலின் எல்லையைத் தாண்டக் கூடாது. வெளியே போக, வர, செய்தியைக் காட்டும் விட்டுவிட்டுப் போட்ட கோட்டு அம்பு மட்டுமே.

தப்பு நடக்கிற இடம் சாய்சதுரம், அதாவது வழி பிரிவதையும் சேர்வதையும் காட்டும் குறி. படத்தின் மேல் ஒரு காசு நகர்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெருக்கல் குறி போட்டது காசை ஒரே வழியில் அனுப்பும். கூட்டல் குறி போட்டது ஒவ்வொரு வழிக்கும் ஒரு காசு தரும். சேருமிடத்தில் எல்லாக் காசும் வரும்வரை நிற்கும். பெருக்கலில் பிரித்துக் கூட்டலில் சேர்த்தால், வராத காசுக்காக பில் அங்கேயே கிடக்கும். ஸ்டோர் அளவைப் பார்க்க, பர்ச்சேஸ் விலையைப் பார்க்கக் கூட்டலில் பிரித்துவிட்டுப் பெருக்கலில் சேர்த்தால், 'பணம் அனுப்பு' பெட்டி இரண்டு முறை ஓடும். சாய்சதுரமே இல்லாமல் இரண்டு அம்பையும் நேரே பெட்டியில் முட்டவிட்டாலும் இதேதான். காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாது. காமுண்டா மாதிரி மென்பொருளில் ஏற்றி ஓடவிட்டால் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போகும்.

அடுத்தது காத்திருப்பு. மேனேஜர் ஒப்புதல் பெட்டியின் விளிம்பில் கடிகார வட்டம் ஒட்டி, மூன்று நாளில் நினைவூட்டல் போகச் செய்யலாம். அந்த இரட்டை வட்டம் விட்டுவிட்டுப் போட்ட கோடாக இருக்க வேண்டும். முழுக்கோடாகப் போட்டால், நினைவூட்டல் போகும் அதே நொடியில் மேனேஜரின் வேலையே ரத்தாகிவிடும்.

பில் தொகை ஐம்பதாயிரத்துக்கு மேலா, இரண்டு லட்சத்துக்கு மேலா என்று சாய்சதுரங்களை அடுக்க வேண்டாம். 'ஒப்புதல் யாருடையது' என்று ஒரே பெட்டி. வரம்புகள் தனி அட்டவணையில். நாளை தொகை மாறினால் அட்டவணையை மட்டும் திருத்தினால் போதும்.

சின்ன ஆபீசுக்கு இவ்வளவு எதற்கு என்று சிலர் சொல்வார்கள். குறிகளைக் குறைத்துக்கொள்ளட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மேனேஜர் அறையில் மட்டும் உட்கார்ந்து படம் வரைந்து, சரக்கு இறக்குகிற ஸ்டோர்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் 'இதுதான் நடைமுறை' என்று கையெழுத்து வாங்கும் பழக்கம் இருக்கிறதே, அது பெரிய அநியாயம். வாரத்துக்கு எத்தனை லோடு குறைவாக வருகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

வரைந்ததும் ஒரு பழைய பில்லை எடுத்து, நிஜமாகவே ஒரு காசைத் தொடக்க வட்டத்தில் வைத்து அவர் எதிரிலேயே நகர்த்துங்கள். 100 கேட்டு 96 வந்த பில்லாகப் பார்த்து எடுங்கள். குறைந்த சரக்குக்கான தொகையைக் கழித்து சப்ளையர் தரும் கிரெடிட் நோட் வரும்வரை காசு நிற்க ஒரு வட்டம் இல்லையென்றால், படம் அந்த இடத்தில் இன்னும் பாக்கி.