அம்மாவின் ஆபரேஷன் தேதி

கேள்வி: டாக்டர் ஐயா, எங்கள் அம்மா பீடி சுற்றுகிறவர். மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து, ஒரு வருடம் துத்தி இலை வதக்கிக் கொடுத்தோம். பிறகுதான் பெருங்குடலில் கேன்சர் என்று தெரிந்தது. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் 2020 மார்ச் 27-ம் தேதி ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். ஊரடங்கு வந்ததும், “நாங்களே கூப்பிடுகிறோம்” என்றார்கள். கூப்பிடவே இல்லை. ஜூன் மாதம் வயிறு உப்பி, அவசர ஆபரேஷன் செய்து, மலம் வெளியேற வயிற்றில் பை வைத்தார்கள். அடுத்த வருடம் 57 வயதில் போய்விட்டார். நான் வேறு எங்காவது கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்கு இப்போது 41. நானும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?
- வாசகி, கடையம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் அந்தத் தேதியைப் பார்த்ததும் என் பழைய ஆபரேஷன் நோட்டை எடுத்துப் புரட்டினேன். நான் வேறு ஆஸ்பத்திரியில் இருந்த சர்ஜன். என் நோட்டிலும் அந்த வாரத்தில் ஆறு பெயர்கள் இருக்கின்றன. ஆறிலும் குறுக்கே பென்சில் கோடு, பக்கத்தில் ‘பிறகு’ என்று என் கையெழுத்து. அதில் இரண்டு பேர் குடல் கேன்சர் நோயாளிகள்.

எங்களுக்குப் பயம் இருந்தது. ஆபரேஷன் சமயத்தில் கொரோனா தொற்றியவர்களில் 100-க்கு 24 பேர் வரை ஒரு மாதத்துக்குள் இறந்தார்கள் என்று முதல் உலகளாவிய ஆய்வு சொன்னது. வயிற்றில் காற்று ஏற்றிச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் கிருமி பரவுமோ என்றுகூடத் தயங்கினோம். அந்த மார்ச் முதல் மே வரை இந்தியாவின் 41 கேன்சர் மையங்களில் பெரிய ஆபரேஷன்கள் முந்தைய வருடத்தைவிட 49 சதவீதம் குறைந்தன. உலக அளவில், முழு ஊரடங்கு இருந்த இடங்களில், ஆபரேஷன் என்று முடிவான கேன்சர் நோயாளிகளில் ஏழு பேருக்கு ஒருவருக்கு, மாதக்கணக்கில் காத்திருந்தும் அது நடக்கவில்லை.

தள்ளிவைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். திரும்பக் கூப்பிடாததுதான் தவறு. குடல் கேன்சரில் கட்டி வளர்ந்து பாதையை அடைத்துவிட்டால், நிதானமாகச் செய்ய வேண்டிய ஆபரேஷன் நடுராத்திரியில் செய்கிற ஆபரேஷனாகிவிடும். வீங்கிய குடலை அந்த நிலையில் இணைத்தால் தையல் பிரியக்கூடும். அதனால்தான் பை வைக்கிறோம். பட்டியலில் இருந்தவர்களுக்கு வாரம் ஒரு போன் செய்து “வயிறு உப்புகிறதா, காற்று பிரிகிறதா” என்று கேட்டிருந்தால் போதும். அதைச் செய்ய வேண்டியவர்கள் நாங்கள்.

பிழைத்திருப்பாரா என்கிறீர்கள். ஆபரேஷன் நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று 2020-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அதை வைத்து ஒரு தனி உயிரின் கணக்கைப் போட முடியாது. அந்தக் கட்டி மார்ச்சுக்கு முன்பே வருடக்கணக்கில் உள்ளே வளர்ந்திருக்கும். வேறு எங்காவது கொண்டுபோவது என்றாலும் எப்படிப் போயிருப்பீர்கள்? உங்கள் தென்காசி, நெல்லையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகி அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரலில் கடையத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வர மாவட்ட எல்லை தாண்ட வேண்டும். பஸ் கிடையாது, காருக்குப் பாஸ் வாங்க வேண்டும். வந்தாலும் பல ஆஸ்பத்திரிகளில் அதே பதில்தான் கிடைத்திருக்கும். இந்தப் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம்.

துத்தி இலைக்கும் உங்களைத் திட்ட மாட்டேன். நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அதைத்தான் செய்கிறார்கள். ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்காமலே மூலத்துக்குக் களிம்பு எழுதிக் கொடுக்கும் டாக்டர்களும் இருக்கிறார்கள். எனக்குக் கோபமெல்லாம் அவர்கள் மேல்தான்.

சரி, இப்போது உங்கள் விஷயம். கட்டாயம் டெஸ்ட் எடுங்கள். அம்மாவுக்கு 60 வயதுக்கு முன்பே வந்ததால், பிள்ளைகள் 40 வயதில் கொலனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் டெஸ்ட், செய்துகொள்ள வேண்டும். சரியாக இருந்தாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இதே கணக்கு. அம்மாவின் உடன்பிறந்த சித்தி, மாமா இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். முந்தின நாள் கீரை, பழவிதை வேண்டாம். இளநீர், தெளிந்த ரசம் குடிக்கலாம். வயிறு சுத்தமாவதற்கு ஒரு பவுடர் தருவார்கள். அதைக் கலக்கிக் குடிப்பதுதான் சிரமம். டெஸ்ட்டின்போது மயக்க ஊசி போட்டுவிடுவதால் பெரும்பாலும் வலி தெரியாது. சின்னப் பாலிப் (குடலின் உள்சுவரில் வளரும் சதை) ஏதாவது இருந்தால் அங்கேயே எடுத்துவிடுவார்கள். அது கேன்சராக மாறப் பல வருடம் ஆகும், அதற்குள் முந்திக்கொள்ளலாம்.

அம்மாவின் பயாப்ஸி (கட்டியின் சதைத் துண்டைச் சோதித்த) ரிப்போர்ட் பீரோவில் எங்காவது இருந்தால், போகும்போது அதையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.