ரென் நகரத்துக் கல்லும் வேலூர்க் கேள்விகளும்

பிரான்சின் பிரிட்டனிப் பகுதியிலுள்ள ரென் நகரில், இருபத்திரண்டு இருக்கைகள் மட்டுமே கொண்ட ஒரு கிரெப்ரியில், அதாவது சூடான கல்லில் மாவை மெல்லியதாக வார்த்துத் தரும் உணவகத்தில், ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தேன். முதல் ஆண்டு பாத்திரம் கழுவினேன். மீதி ஆறு ஆண்டுகளும் கல்லுக்கு முன்னால் நின்றேன். இப்போது காட்பாடியில் இருக்கிறேன். இத்தகைய சிறு கடைகளில் சாப்பிடுவது குறித்து நம் வட்டாரத்தார் கேட்டவற்றுக்கு, வந்த வரிசையிலேயே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ஆம்பூர், தோல் பொருள் ஏற்றுமதி): அலுவல் காரணமாகப் பாரிசுக்குப் போகிறோம், நான்கு பேர். கிரெப்ரி என்றால் என்ன, அங்கே எப்படிச் சாப்பிட வேண்டும்?

பதில்: கிரெப்ரியில் இரண்டு மாவு இருக்கும். பக்வீட் என்னும் கருத்த தானியத்தின் மாவைத் தண்ணீரும் உப்பும் விட்டுக் கரைத்து வார்ப்பது கலெத். சாம்பல் படிந்த பழுப்பு நிறத்தில், ஓரம் மொறுமொறுப்பாக, நடு மெத்தென்று இருக்கும், அதுதான் சாப்பாடு. கோதுமை மாவில் பாலும் முட்டையும் சேர்த்து வார்ப்பது கிரெப். அது பிறகு வரும் இனிப்பு. இந்த வரிசை தெரியாமல் முதலிலேயே சாக்லெட் கிரெப்பைக் கேட்டு வயிற்றை நிரப்பிக்கொண்டு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று திரும்பி வந்த நம் ஊர்க்காரர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

பாரிசில் மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் தேடுங்கள். பிரிட்டனியிலிருந்து வரும் ரயில்கள் அங்கேதான் வந்து நிற்கின்றன. பிழைப்புத் தேடி வந்தவர்கள் இறங்கிய இடத்திலேயே கல்லைப் போட்டுவிட்டதால், மோன்பர்னாஸ் தெருவில் இன்றும் கடைக்குக் கடை கிரெப்ரிதான். மதியம் 12 முதல் 2 வரை, இரவு 7 மணிக்குமேல் என்பது பொதுவான நேரம். மூன்று மணிக்குப் போய்க் கதவைத் தட்டாதீர்கள்.

உள்ளே நுழைந்ததும் 'போன்ழூர்' சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் நேராக மேசையில் போய் உட்காருபவருக்கு அங்கே உபசரிப்பு பாதியாகக் குறைந்துவிடும். முதல் தடவைக்கு 'கொம்ப்ளெத்' கேட்கலாம்: முட்டை, பாலாடைக்கட்டி, ஹாம் மூன்றும் உள்ளே வைத்து நான்கு பக்கமும் மடித்து, நடுவில் மஞ்சள் கரு மட்டும் தெரியும்படி சதுரமாகக் கொண்டுவருவார்கள். ஹாம் என்றால் பன்றி இறைச்சி. இதை மூன்று முறை படித்துக்கொள்ளுங்கள். வேண்டாதவர் 'ஸான் ழாம்போன்' என்று சொன்னால் போதும்.

இனி என் பழைய புலம்பல் ஒன்று. சிறிய கடையில் கல் இரண்டுதான் இருக்கும், வார்ப்பவர் ஒருவர்தான் இருப்பார். நான்கு பேருக்கும் தட்டு ஒரே நேரத்தில் வராது. உங்களுடையது வந்ததும் சாப்பிடத் தொடங்கிவிடுங்கள். மற்றவர்களுக்கும் வரட்டும் என்று மரியாதைக்குக் காத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கலெத் தோலாகிவிடும். தோல் தொழிலில் இருப்பவருக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி (ராணிப்பேட்டை): நான் முட்டையும் சேர்க்காத சைவன். எனக்கு அங்கே ஏதாவது கிடைக்குமா?

பதில்: ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஐயா. இனிப்புக் கிரெப்பின் மாவிலேயே முட்டை இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். கலெத் மாவு பல கடைகளில் வெறும் பக்வீட், தண்ணீர், உப்பு மட்டுமே; ஆனால் நிறம் வருவதற்காக ஒரு முட்டை உடைத்து ஊற்றுகிறவர்களும் உண்டு என்பதால் கேட்டாக வேண்டும். அடுத்து, பெரும்பாலோர் அறியாத ஒன்று: கல்லைத் துடைக்கும் துணிப்பந்தைப் பன்றிக் கொழுப்பில் தோய்ப்பது பிரிட்டனியின் பழைய வழக்கம், அதில் முட்டையின் மஞ்சள் கருவையும் குழைப்பார்கள். இன்று எண்ணெயோ வெண்ணெயோ பயன்படுத்தும் கடைகள் நிறைய இருந்தாலும், பழைமையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கடையில்தான் நீங்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பிரெஞ்சுப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியும் சேர்கிறது. இவ்வளவையும் கடந்து வந்தால் காளான், கீரை, வதக்கிய வெங்காயம் வைத்த கலெத் மிஞ்சும், நன்றாகவே இருக்கும். ஒரே கல்லில்தான் எல்லாமே வார்க்கப்படுகின்றன என்பதை மனம் ஒப்பாவிட்டால், போகாமல் இருப்பதே நல்லது.

கேள்வி (காட்பாடி, கல்லூரி மாணவர்): நுட்டெல்லா கிரெப் எந்தக் கடையில் நன்றாக இருக்கும், அண்ணா?

பதில்: புட்டி எல்லாக் கடையிலும் ஒன்றுதான், தம்பி. உப்பு வெண்ணெய்க் கேரமல் கேளுங்கள்.

கேள்வி (ஆரணி, ஓய்வுபெற்ற ஆசிரியர்): இது நம் தோசைதானே? புதுச்சேரியை ஆண்டபோது பார்த்துக் கற்றுக்கொண்டு போய்ப் பெயரை மாற்றிவிட்டார்கள் என்பதே என் கருத்து.

பதில்: ஐயா, ஆசை நியாயமானது, காலக்கணக்கு ஒத்துவரவில்லை. பிரெஞ்சுக் கிழக்கிந்திய கம்பெனி தொடங்கப்பட்டது 1664இல். அவர்கள் புதுச்சேரியில் காலூன்றியது 1674இல். பிரிட்டனியில் பக்வீட் பயிரிடுவது அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் முன்பே, பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கிலேயே வந்துவிட்டது. கோதுமை சரியாக விளையாத அமில மண்ணில் இது விளைந்ததால் ஏழைகளின் அன்றாட உணவாயிற்று. செய்முறையும் வேறு: அரிசியும் உளுந்தும் ஊற வைத்து அரைத்துப் புளிக்க வைப்பது தோசையின் உயிர், கலெத்தில் அரைப்பும் இல்லை, உளுந்தும் இல்லை, புளிப்பும் பெரிதாக இல்லை.

கேள்வி (சத்துவாச்சாரி): கிரெப் என்பது மைதா தோசைதானே?

பதில்: மேலே ஆசிரியருக்கு எழுதியதைப் பார்க்கவும்.

கேள்வி (குடியாத்தம், இல்லத்தரசி): வீட்டுத் தோசைக்கல்லில் கலெத் வார்க்க முடியுமா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன், அம்மா. வட இந்தியர்கள் நவராத்திரி விரதத்துக்குப் பயன்படுத்தும் குட்டு மாவுதான் பக்வீட். வட இந்திய மளிகைக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். பழைய மாவு வேண்டவே வேண்டாம். அந்த மாவு சீக்கிரம் கெடும். கெட்ட குட்டு மாவைச் சாப்பிட்டு மருத்துவமனைக்குப் போனவர்களைப் பற்றிய செய்தி வடக்கே நவராத்திரிதோறும் வருகிறது. முகர்ந்து பார்த்துக் காறல் வாடை அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

330 கிராம் மாவு, 10 கிராம் கல்லுப்பு, 750 மில்லி குளிர்ந்த தண்ணீர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கையாலேயே நன்றாக அடித்துக் கரையுங்கள். ஒட்டி இழுக்கும் மாவு என்பதால் முதலில் கை வலிக்கும். பிறகு நூல் போல ஒழுகத் தொடங்கும். மூடிக் குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்து, காலையில் மேலே தேங்கிய நீரைக் கலக்கிவிட்டு வார்க்கத் தொடங்குங்கள். வார்ப்பிரும்புக் கல் தோசைக்குக் காய்வதைவிட நன்றாகக் காய வேண்டும். மாவு விழுந்த நொடியில் 'சொய்' என்று இரைந்து, முகமெங்கும் சிறு துளைகள் விழுந்தால் சூடு சரி. சத்தமே இல்லாமல் படிந்தால் அது கலெத் அல்ல, கொழுக்கட்டை மாவு. அங்கே பரப்புவதற்கு 'ரோசெல்' என்னும் மரக்கட்டை உண்டு. கைப்பிடியின் முனையில் குறுக்காக ஒரு குச்சி வைத்த வடிவம். அது இல்லாவிட்டால் கல்லைக் கையில் தூக்கிச் சாய்த்துச் சுழற்றுங்கள். கரண்டியால் அழுத்தித் தேய்த்தால் கிழியும். முதல் இரண்டு வீணாகும். எனக்கு முதல் வாரம் முழுவதும் வீணாயிற்று.

வார்த்ததை அடுக்கி வைத்து எல்லாரையும் கூப்பிடாதீர்கள். ஒவ்வொன்றாகச் சுடச்சுடத் தட்டுக்குப் போக வேண்டும்.

கேள்வி (மேல்விஷாரம்): நாங்கள் முஸ்லிம்கள். அங்கே கிண்ணத்தில் கொடுக்கும் ஆப்பிள் சாற்றைக் குடிக்கலாமா?

பதில்: அது சாறு அல்ல, புளிக்க வைத்த சிதர் என்னும் மது. இனிப்பான வகையில் மூன்று விழுக்காடு வரையிலும் இனிப்புக் குறைந்த வகையில் அதற்கு மேலும் ஆல்கஹால் இருக்கும். பார்க்கத் தேநீர்க் கிண்ணம் போல இருப்பதால் ஏமாற வாய்ப்பு உண்டு. புளிக்காத ஆப்பிள் சாறு வேண்டுமானால் 'ஜூ தெ பொம்' என்று கேளுங்கள். அதைவிட, 'லெ ரிபோ' கிடைத்தால் விடாதீர்கள்: அது தண்ணீர் கலக்காத நம் மோர்தான், பிரிட்டனியில் கலெத்தோடு அதைக் குடிப்பது சிதரைப் போலவே பழைய வழக்கம். 'சுசெத்' என்னும் கிரெப்பின்மேல் ஆரஞ்சு மதுவை ஊற்றிக் கொளுத்துவார்கள்; தீ எரிந்தாலும் மது முழுவதும் போய்விடுவதில்லை. ஹாமுக்குப் பதில் மத்தி மீன், புகையூட்டிய சால்மன், ஆட்டுப்பால் கட்டியும் தேனும் என்று கேட்கலாம். கல்லில் தேய்க்கும் கொழுப்பு பற்றி ராணிப்பேட்டைக்காரருக்கு எழுதியது உங்களுக்கும் பொருந்தும்.

'அந்தூய்' என்று எழுதியிருந்தால் அது பன்றிக் குடலை அடைத்துச் செய்த தொத்திறைச்சி. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் அது என்னவென்று தெரியாமல் ஒரு வாய் வைத்துவிட்டு, முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்து விழுங்கியதை இன்றும் மறக்கவில்லை.

கேள்வி (ஆரணி ஆசிரியர் மீண்டும்): 1749இல் பிரெஞ்சுப் படை ஆம்பூர் வரை வந்து போர் புரிந்ததே! சிப்பாய்கள் பட்டினியாகவா இருந்தார்கள்? தோசை தின்றிருக்க மாட்டார்களா?

வாலாஜாவிலிருந்து ஒருவர்: தோசை அல்ல, ஆப்பம்தான் நெருங்கிய உறவு.

பதில்: ஆம்பூர்ப் போர் உண்மை. சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து ஆற்காட்டு நவாப் அன்வருதீனை வீழ்த்தினார்கள். அவர் களத்திலேயே மாண்டார். அந்தச் சிப்பாய்கள் தோசை தின்றிருக்கலாம். தின்றது 1749, பிரிட்டனிக்காரன் கல்லில் மாவு ஊற்றியது அதற்கு வெகு முன்பு. ஆனால் ஆசிரியருக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன்: அந்த விதை ஆசியாவிலிருந்து போனதுதான். தென்மேற்குச் சீனாவே அதன் பிறப்பிடம். பிரெஞ்சில் அதற்கு வழங்கும் 'சரசேன்' என்ற பெயரே அரேபியரைக் குறித்த பழைய சொல்லிலிருந்து வந்தது. கிழக்கிலிருந்து வந்த கருத்த தானியம் என்று அவர்களே ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்ளலாம்.

ஆப்பத்தை ஏற்க மாட்டேன். அது புளித்துப் பொங்க வேண்டியது, நடுவில் தடிக்க வேண்டியது. உறவு தேடியே ஆக வேண்டுமென்றால் நம் வீடுகளில் அவசரத்துக்குக் கேழ்வரகு மாவைக் கரைத்துத் தண்ணீராக வார்க்கும் தோசையைப் பாருங்கள். அதே கருமை, அதே துளைகள், அதே மண்வாசம். இரண்டுமே நல்ல தானியம் விளையாத நிலத்தில் வயிற்றுக்கு வழி தேடியவர்கள் கண்டது. ரென் நகரில் முதல் முறை சாப்பிட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது உணவகத்து மசாலா தோசை அல்ல. லத்தேரியில் என் பாட்டி விறகடுப்பில் வார்த்த கேழ்வரகு தோசைதான்.

கேள்வி (பாகாயம்): என் மகனுக்குக் கோதுமைப் புரதம் ஒவ்வாது. கலெத் தரலாமா?

பதில்: பக்வீட் கோதுமை இனமே அல்ல, அதில் குளூட்டன் என்னும் அந்தப் புரதம் இல்லை. ஆனால் சில கடைகள் கிழியாமல் வருவதற்காகக் கோதுமை மாவைக் கலக்கின்றன. கல்லும் கரண்டியும் கிரெப்புக்குப் பொதுவாக இருக்கலாம். கலப்பில்லாத பக்வீட்தானா, கல் தனியா என்று இரண்டையும் கேளுங்கள். பக்வீட்டே ஒவ்வாதவர்களும் உண்டு என்பதால், முதல் வாய்க்கு முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி (பேரணாம்பட்டு): சர்க்கரை நோயாளி எத்தனை கலெத் சாப்பிடலாம்?

பதில்: அதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி (அரக்கோணம்): பிரான்சு விசாவுக்கு எவ்வளவு நாளாகும்?

பதில்: நான் மாவு கரைத்தவன்.

கேள்வி (வாணியம்பாடி): ஒரு கலெத்தை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்ளலாமா? டிப்ஸ் எவ்வளவு வைக்க வேண்டும்?

பதில்: சிறிய கடையில் ஆளுக்கொன்று கேட்பதே முறை, இருக்கையும் குறைவு, வருமானமும் அதை நம்பித்தான். இனிப்பைப் பங்கிடுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கிவிடுவதால் டிப்ஸ் கட்டாயமில்லை. மனம் நிறைந்தால் ஒன்றிரண்டு யூரோ வைக்கலாம். குழாய்த் தண்ணீர் இலவசம். 'யூன் கராஃப் தோ' என்று கேட்டால் கொண்டுவந்து வைப்பார்கள். பங்கிட்டாலும் இல்லாவிட்டாலும், வந்தவுடன் சாப்பிடுங்கள்.

கேள்வி (திருப்பத்தூர்): பார்க்கத் தோசை மாதிரியே இருக்கிறதே?

பதில்: ஆம், பார்க்க.

கேள்வி (வேலூர், சிற்றுண்டிக் கடை நடத்துபவர்): நம் ஊரில் மாலை நேரத்தில் மட்டும் கலெத் போடலாம் என்று எண்ணுகிறேன். என் தோசை மாஸ்டருக்கு இது வருமா?

பதில்: வரும், ஆனால் அவர் கை கற்றதைச் சற்று மறக்க வேண்டியிருக்கும். தோசை மாஸ்டர் கரண்டியின் அடியால் மாவை அழுத்திச் சுற்றிச் சுற்றி வெளியே கொண்டுபோவார். ரோசெலை அழுத்தவே கூடாது, மாவின் மேல் மிதக்க விட்டு மணிக்கட்டை மட்டும் திருப்ப வேண்டும். பிரிட்டனிக் கல்லின் விட்டம் நாற்பது சென்டிமீட்டர் அளவில் இருக்கும், ஓரச்சுவர் இல்லாதது. உங்கள் நீள்சதுரக் கல்லிலேயே ஒரு மூலையை ஒதுக்கித் தொடங்கலாம். எண்ணெய்த் துணியை மட்டும் தனியாக வையுங்கள். தோசைக்குத் தண்ணீர் தெளித்துத் துடைப்பதுபோல இதற்குத் தெளித்தால் கல் சூடு இறங்கிவிடும். உள்ளே வைக்க ஹாமைத் தேடி அலைய வேண்டாம். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை நெருப்பில் சுட்டு மசித்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி மடித்துப் பாருங்கள். நான் வீட்டில் அப்படித்தான் சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குமேல் மாஸ்டரை அனுப்புங்கள். ரோசெல் என்னிடம் இரண்டு இருக்கிறது. மாவை மட்டும் சனிக்கிழமை இரவே கரைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.