கேளுங்கள், சொல்கிறேன்: வீடியோ காலில் வந்த போலீஸ்

கேள்வி: மகன் துபாயில் இருக்கிறான். அவன் பெயரில் வந்த பார்சலில் போதை மாத்திரை என்று ‘மும்பை போலீஸ்’ ஒருவர் வாட்ஸ்அப்பில் மிரட்டினார். நான் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’டாம், கேமராவை விட்டு நகரக்கூடாதாம், மகனிடம்கூடப் பேசக்கூடாதாம். பயந்து 40,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். இன்னும் கேட்கிறார்.
– ஒரு தாய், கீழக்கரை

பதில்: கடிதம் கிடைத்ததுமே போனில் சொன்னதுதான் அம்மா, மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. நம் ஊரில் ஒரு சம்மன் கொடுக்கவே ஏட்டையா பைக்கில் வந்து, பக்கத்து வீட்டில் விசாரித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். மும்பைக்காரர் மட்டும் வீடியோவிலேயே கைது செய்துவிடுவாரா? காக்கிச் சட்டை, பின்னால் கொடி, முத்திரை குத்திய நோட்டீஸ் எல்லாமே செட்டிங்தான். ‘சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறோம்’ என்று எந்தப் போலீஸும் கணக்குக்குப் பணம் போடச் சொல்லாது.

மகனிடம் பேசக்கூடாது என்றது ஏன் தெரியுமா? அவனுக்கு ஒரு போன் போட்டால் இரண்டு நிமிடத்தில் குட்டு உடைந்துவிடும். அதனால் இணைப்பைத் துண்டித்துவிட்டு முதலில் அவனைக் கூப்பிடுங்கள்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். மோசடிக்காரர்கள் எடுப்பதற்குள் புகார் போனால் பணத்தை முடக்க வழியுண்டு. வங்கிக்கும் சொல்லுங்கள். அப்புறம் ராமநாதபுரம் சைபர் கிரைம் காவல் நிலையம். அவமானமாக இருக்கிறதென்று வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. போன பணத்தை மீட்டுத் தருகிறேன், கமிஷன் கொடுங்கள் என்று இனி யாராவது கூப்பிட்டால், அவர்களும் இதே கூட்டம்தான்.